மைந்தர்க்கு இட்ட திருப்பெயர்கள்

திருக்கோயிலில் அருச்சனை செய்விக்க விழைவோரிடம் அருச்சகர் முதலில் வினவுவன பெயரும் நட்சத்திரமுமே ஆகும். சுவாமிமலைக்கு வரும் அன்பர் ஒருவர் தம் பெயர் சுவாமிநாதன் என்கின்றார். அவர் கூறியது தம் பெயரையா, கருவறையில் எழுந்தருளியிருக்கும் பெருமானின் பெயரையா? இருவர்க்கும் உரிய பெயர் அது என்பதே விடை. இவ்வாறு இறைவன் திருநாமத்தையே தம் மைந்தர்க்கு இட்டு, நாள்தோறும் வாயார அழைத்து மகிழ்ந்த மரபு நம்முடையது.

ஆயினும், தாம் தாங்கியிருக்கும் பெயரின் பொருள் யாது, அஃது எத்தலத்துக்கு உரியது, பெற்றோர் எதனை எண்ணி இட்டனர் என்று வினவினால் விடை கூற இயலாதவர் பலர். பொருள் அறியப்படாத பெயர், பூட்டிய பெட்டகம் போன்றது. சுமப்பவர்க்குச் சுமை உண்டு. உள்ளிருக்கும் பொன்னால் பயன் இல்லை. ஆண்மக்களுக்கு இடப்பெறும் பெயர்கள் சிலவற்றைத் திறந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பெயரனும்

மகனுக்குப் பிறந்த மகனைப் பேரன் என்கின்றோம். இச்சொல்லின் மூல வடிவம் ‘பெயரன்’ என்பதாகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் ஆயினன். அதுவே மருவிப் பேரன் என வழங்குகின்றது. தன் மகனைத் தன் தந்தையின் பெயரன் என்று பெருமிதத்தோடு குறிப்பிடும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே காணப்படுகின்றது. ஆகவே, பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் வெறும் குடும்ப வழக்கம் அன்று. உறவுமுறைச் சொல்லுக்கே அடிப்படையாக அமைந்த தொன்மையான மரபு ஆகும்.

தொல்காப்பியர் மக்களுக்கு இடும் பெயரை இயற்பெயர் என்பர். அப்பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் சேரும்போது நிகழும் மாற்றத்துக்கு அவர் தனியே விதி வகுத்துள்ளார். ஆதன் என்பானுடைய தந்தை ஆந்தை; பூதன் என்பானுடைய தந்தை பூந்தை; சாத்தன் என்பானுடைய தந்தை சாத்தந்தை. கோப்பெருஞ்சோழனின் உயிர் நண்பராகிய பிசிராந்தையாரின் பெயரில் உள்ள ஆந்தை இதுவே. பிசிர் என்பது ஊர். ஆந்தை என்பது ஆதனின் தந்தை. பெற்ற மகனின் பெயராலேயே தந்தை அறியப்பட்ட வழக்கம் அந்நாளில் இருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. மறுதலையாக, சாத்தனுக்கு மகனாகிய கொற்றனைச் சாத்தங்கொற்றன் எனத் தந்தை பெயரை முன்வைத்தும் கூறினர். இன்று நாம் பெயருக்கு முன் இடும் தலைப்பெழுத்து இதன் வழியில் வந்ததே எனலாம்.

முருகன் பெயர்கள்

தமிழகத்தில் ஆண்மக்களுக்கு மிகுதியாக வழங்கும் பெயர்களில் முருகப்பெருமானின் பெயர்கள் சிறந்த இடம் பெறுவன. முருகு என்னும் சொல்லுக்கு அழகு, இளமை, மணம், தெய்வத்தன்மை எனப் பல பொருள் உண்டு. இவை அனைத்தும் ஒருங்கே அமைந்தவன் முருகன். சேயோன், சேந்தன் என்பன செந்நிறம் உடையவன் என்னும் பொருளன. கடப்ப மலர் மாலை அணிந்தவன் கடம்பன். அடியவர் உள்ளமாகிய குகையில் உறைபவன் குகன்.

சில பெயர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு வரலாறே புலப்படும். சரம் என்பது நாணல். நாணற்காடு சூழ்ந்த பொய்கை சரவணம். அங்கே தோன்றியவன் சரவணன். கார்த்திகை மகளிர் அறுவர் பாலூட்டி வளர்த்தமையால் கார்த்திகேயன். அறுவராய் இருந்த குழந்தைகளை உமையம்மை ஒருசேர எடுத்து அணைத்தபோது ஒருவனாய்ச் சேர்ந்தமையால் கந்தன். அவ்வாறு சேர்ந்தும் முகங்கள் ஆறாக விளங்கினமையால் ஆறுமுகன். ஒரு வீட்டில் உடன்பிறந்தார் சரவணன், கார்த்திகேயன், ஆறுமுகம் எனப் பெயர் பெற்றிருப்பின், அவ்வீட்டில் கந்தபுராணத்தின் ஒரு பகுதி நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது என்றே கொள்ளலாம்.

படைவீடுகளின் பெயர்களும் மக்கட்பெயர் ஆயின. செந்தில் என்பது திருச்செந்தூரின் பழம்பெயர்; இன்று செந்தில் என அழைக்கப்படும் இளைஞர் ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர் ஆவர். முருகனின் சினம் தணிந்த இடம் தணிகை; அதிலிருந்து தணிகைவேல், தணிகாசலம் என்பன பிறந்தன. பழனி என்னும் தலப்பெயரைச் சங்க நூல்கள் கூறும் பொதினி என்பதன் மரூஉவாக ஆராய்ச்சியாளர் கருதுவர். தந்தையாகிய சிவபெருமானுக்குப் பிரணவப் பொருளை உரைத்த குருநாதன் சுவாமிநாதன்.

இப்பெயரைத் தமிழுலகம் நன்றியோடு நினைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சங்க நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) பிறந்தபோது பெற்ற பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்னும் பெயரைச் சுருக்கிச் சாமா என அழைத்தனர். ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேறு பெயர் உண்டோ என வினவி அறிந்து, சாமிநாதன் என்றே அழைக்கலானார். வீட்டில் செல்லமாக வழங்கிய பெயரே பின்னர் உலகு அறிந்த பெயர் ஆயிற்று.

தலம் தந்த பெயர்கள்

சிவத்தலங்கள் ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்குப் பெயர் வழங்கியுள்ளது. தில்லையை எண்ணி இட்ட பெயர்கள் பல: நடராசன், அம்பலவாணன், சிற்றம்பலம், பொன்னம்பலம், கனகசபை, சபாபதி. கனகம் பொன், சபை அம்பலம். எனவே பொன்னம்பலமும் கனகசபையும் ஒரே பொருளின் இருமொழி வடிவங்கள். அம்பலவாணன் என்பதில் உள்ள வாணன், வாழ்நன் என்னும் சொல்லின் மரூஉ. அம்பலத்தில் வாழ்பவன் என்பது பொருள்.

அண்ணுதல் என்றால் நெருங்குதல். அயனும் மாலும் அடிமுடி தேடியும் நெருங்க இயலாத மலை அண்ணாமலை. சிவந்த மலை என்னும் பொருளில் அதுவே அருணாசலம். மதுரைச் சொக்கநாதர் பெயரில் உள்ள சொக்கு அழகைக் குறிக்கும். சொக்கலிங்கமும் சுந்தரமும் பொருளால் ஒன்றே. காயவைத்திருந்த நெல் நனையாதவாறு, பெய்த மழைக்கு நடுவே வேலியிட்டுக் காத்த பெருமான் நெல்லையப்பன். சுசீந்திரத்தில் தாணு ஆகிய சிவனும் மால் ஆகிய திருமாலும் அயன் ஆகிய பிரமனும் ஓருருவாய் விளங்குதலின், குமரி மாவட்டத்தில் தாணுமாலயன் என்னும் பெயர் வழங்குகின்றது.

பொருள் அறியாமையால் இடர் விளைவதும் உண்டு. காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தின் கீழ் எழுந்தருளிய பெருமானின் பெயர் ஏகாம்பரம். ஏகம் ஒன்று, ஆம்ரம் மாமரம். இதனை அறியாதார் அம்பரம் எனப் பிரித்து ஆடை எனப் பொருள் கொள்வர். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் மாத்ருபூதம் என்றொரு பெயர் உண்டு. இப்பெயர் கொண்ட சிறுவனைப் பூதம் என்று உடன் பயில்வோர் நகைப்பதுண்டு. அவனும் நாணிப் பெயரைக் குறைத்துக்கொள்வான். ஆனால் மாத்ரு என்பது தாய். பூதம் என்பது ஈண்டு ஆனவர் என்னும் பொருளது. பேறுகாலத்தில் இருந்த மகளைக் காண வந்த தாய், காவிரிப் பெருக்கால் கரையிலேயே தங்க நேர்ந்தது. துணையின்றித் தவித்த மகளுக்குத் தாயின் வடிவில் வந்து இறைவனே பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. தாயும் ஆனவன் தாயுமானவன், அவனே மாத்ருபூதம். இப்பொருளை ஒருமுறை எடுத்துரைத்தால் நகைத்த சிறுவரும் வியந்து நிற்பர்; பெயர் கொண்டவனும் தலைநிமிர்வான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருளாளர் தாயுமானவர் இப்பெருமானின் பெயரைத் தாங்கியவரே. அவர்தம் தந்தையார் பெயர் கேடிலியப்பர். கேடு இல்லாதவன் என்னும் பொருள்படும் இப்பெயர் கீழ்வேளூர் இறைவனுக்கு உரியது. தந்தை ஒரு தலத்தின் பெயரும், மைந்தர் மற்றொரு தலத்தின் பெயரும் பெற்று விளங்கினர்.

நாயன்மாருள் சுந்தரர் பிறந்தது திருநாவலூர். அவர்க்கு இட்ட பெயரோ ஆரூரன். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பிக்க முதலாம் இராசராசன் 48 பேரை நியமித்தான். அவர்களுடைய பெயர்களைக் கூறும் கல்வெட்டில் திருநாவுக்கரையன், ஆரூரன் போன்ற பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றோடு சிவன் என முடியும் தீட்சைப் பெயர்களும் உள்ளன. தேவாரம் பாடியோர் தேவார முதலிகளின் பெயர்களையே தாங்கியிருந்தனர் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்சான்று.

திருமால் பெயர்கள்

வைணவத் தலங்களும் இவ்வாறே பெயர் வழங்கியுள்ளன. காஞ்சிபுரத்தில் வரம் அருள்பவர் வரதராசர். ஆற்றிடையே அமைந்த அரங்கத்தில் பள்ளிகொண்டவர் அரங்கநாதர். வேங்கடம் என்பதற்குப் பாவத்தை எரிப்பது எனப் புராண வழியில் பொருள் உரைப்பர். குடந்தைப் பெருமானுக்கு ஆராவமுதன் என்பது பெயர். எத்துணை உண்டாலும் தெவிட்டாத அமுதம் என்பது பொருள். தமக்கு ஒப்பு இல்லாதவர் ஒப்பிலியப்பர். உப்பிலியப்பர் எனவும் வழங்கும் அத்தலத்தில் உப்பில்லாத அமுதே படைக்கப்பெறுகின்றது. திரு என்பது திருமகள். அவள் வாழும் மார்பினன் திருவாழ்மார்பன். குமரி மாவட்டத்துத் திருப்பதிசாரத்தில் இறைவன் இப்பெயரோடு விளங்குகின்றான். வடமொழியில் இதுவே சீனிவாசன் ஆகும்.

நம்மாழ்வார் பிறந்தபோது அழாமலும் பால் உண்ணாமலும், ஏனைய குழந்தைகளின் இயல்புக்கு மாறாக இருந்தமையால் மாறன் எனப்பட்டார். பிறக்கும் உயிர்களை மறதியில் ஆழ்த்தும் சடம் என்னும் வாயுவைச் சினந்து விலக்கியமையால் சடகோபன் எனப்பட்டார். பெருமாள் கோயில்களில் நம் தலைமீது வைக்கப்பெறும் திருவடி நிலைக்குச் சடாரி, சடகோபம் என்னும் பெயர்கள் அவரைக் கொண்டே அமைந்தன.

பெரியாழ்வார் தம் திருமொழியில், பிள்ளைக்குத் திருமால் பெயரை இடுமாறு பெற்றோரை வேண்டுவதற்கென்றே ஒரு பதிகம் பாடியுள்ளார். பொருளும் ஆடையும் கிடைக்கும் என்று கருதிச் செல்வர் பெயரை இடுவாரை அதில் அவர் கடிந்துரைக்கின்றார். பிள்ளையை அழைக்கும்போதெல்லாம் இறைவனையே அழைத்தவராகலாம் என்பது அவர் கருத்தின் சாரம். பாகவதம் கூறும் அசாமிளன் வரலாறும் இதனையே உணர்த்தும். நெறி தவறி வாழ்ந்த அவன், இறுதிக் காலத்தில் தன் இளைய மகனை நாராயணா என்று அழைத்தான். அவன் அழைத்தது மகனை. துணைக்கு வந்தோர் திருமாலின் தூதர்.

அச்சமும் நன்றியும்

சில பெயர்கள் இக்காலத்தார்க்கு இழிவாகத் தோன்றும். குப்பன், குப்புசாமி, பிச்சை, பிச்சையப்பன் என்பன அவை. இப்பெயர்களின் பின்னே பெற்றோரின் பெருந்துயரம் மறைந்துள்ளது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்துப் பிறந்த பிள்ளையாவது நிலைக்க வேண்டுமே என்று அஞ்சினாள். கூற்றுவன் கண்ணுக்கு இப்பிள்ளை மதிப்பற்றதாகத் தோன்றட்டும் என எண்ணி, அதனைக் குப்பைமேல் கிடத்தி எடுத்துக் குப்பன் என அழைத்தாள். பிறர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. இறைவன் சந்நிதியில் மடியேந்திப் பெற்ற பிள்ளை பிச்சை எனப் பெயர் பெற்றான். தன் பிள்ளைக்கு மிகத் தாழ்ந்த பெயரை இட்டவள், அப்பிள்ளையின்மேல் மிக உயர்ந்த அன்பு கொண்டவள் என்க.

மாரிமுத்து என்னும் பெயரும் இத்தகையதே. அம்மைக் கொப்புளங்களை முத்து என்றே மக்கள் கூறினர். பெரியம்மை ஊரூராகப் பரவிய நாளில் மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டு, பிழைத்த பிள்ளைக்கு அவள் பெயரையே இட்டனர். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1975-ஆம் ஆண்டில்; உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டது. நோய் மறைந்தது, அந்நாளில் ஒரு தாய் கொண்ட அச்சமும் செலுத்திய நன்றியும் அப்பெயரில் இன்றும் நிலைத்துள்ளன. இசக்கிமுத்து, பேச்சிமுத்து, மாடசாமி, கருப்பசாமி, முனியசாமி என்பனவும் ஊரையும் குடியையும் காக்கும் தெய்வங்களுக்குப் பெற்றோர் செலுத்திய நன்றிக்கடனே ஆகும். இப்பெயர்களைத் தாங்கியோர் நாணுதற்கு ஏதும் இல்லை.

செயலால் பெற்ற பெயர்

இட்ட பெயரோடு வாழ்ந்து, செயலால் வேறு பெயர் பெற்றோரும் உளர். கையில் எடுத்தபோது திண்ணென்று இருந்தமையால் தந்தை நாகன் தன் மகனுக்குத் திண்ணன் எனப் பெயரிட்டான். பின்னர்த் தன் கண்ணையே இறைவனுக்கு ஈந்தமையால் அவர் கண்ணப்பர் ஆனார். மருள்நீக்கியார் எனப் பெற்றோர் பெயரிட்ட பிள்ளை, சமண சமயம் சார்ந்தபோது தருமசேனர் ஆனார். திருவதிகையில் இறைவன் அருளால் திருநாவுக்கரசர் ஆனார். ஞானசம்பந்தர் அன்போடு அழைத்தமையால் அப்பர் ஆனார்.

அத்திருநாவுக்கரசர் பெயரைத் தம் உயிரினும் மேலாகப் போற்றியவர் திங்களூர் அப்பூதியடிகள். நாவுக்கரசரை அவர் கண்டதில்லை. பெருமையைக் கேட்டு அறிந்தவரே. எனினும் தம் மைந்தர் இருவர்க்கும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு எனப் பெயரிட்டார். வீட்டிலுள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும் அப்பெயரே. வழிநடப்போர்க்கு அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரே. அவ்வழியே வந்த நாவுக்கரசர், நும் பெயரை எழுதாது வேறு பெயரை எழுதியது ஏன் என வினவினார். வினவியவர் யார் என அறியாத அடிகள் வெகுண்டார். அறிந்தபின் அடிபணிந்து வீட்டுக்கு அழைத்துச் சென்றார்.

விருந்துக்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவம் தீண்டியது. அவன் இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வீழ்ந்தான். அடியார் அமுது செய்வது தடைபடுமே எனப் பெற்றோர் துயரை விழுங்கி, உடலை மறைத்து வைத்தனர். உண்மை உணர்ந்த நாவுக்கரசர் அப்பிள்ளையைத் திருக்கோயில் முன் கொணரச் செய்து பதிகம் பாடினார். உறங்கி எழுபவனைப் போல மூத்த திருநாவுக்கரசு எழுந்தான். பெயரால் இணைந்த இருவருள், ஒருவர் பாட மற்றவர் உயிர் பெற்றார். பெயரிடுதல் ஒரு சடங்கு மட்டும் அன்று, உறவு ஒன்றைத் தொடங்குதல் என்பதை இவ்வரலாற்றினும் தெளிவாக உணர்த்துவது வேறொன்று இல்லை.

பெயர் இடுவோர் கருதத்தக்கன

இக்காலத்தில் ஓசையினிமை ஒன்றையே கருதிப் பெயரிடுதலும், எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுதலும் மிகுந்துள்ளன. பழம்பெயர்கள் நீளமானவை என்று தயங்குவோரும் உளர். அவர்கள் விரும்பத்தக்க குறும்பெயர்களும் நம் மரபில் குறைவின்றி உள்ளன: வேலன், குகன், சேந்தன், கண்ணன், மாறன், நம்பி, அரன், கடம்பன். இவை கூறுதற்கு எளியன, பொருளால் நிறைந்தன.

பெயரிடுமுன் அதன் பொருளைக் கற்றறிந்தாரிடம் கேட்டறிதல் நன்று. பாட்டன் பெயரை இடுவதாயின், அப்பெயர் எத்தலத்துக்கு உரியது என முதியோரிடம் வினவுதல் வேண்டும்; அவர்கள் மறைந்தபின் வினவுதற்கு ஆள் இராது. அழைப்பதற்காகப் பெயரைச் சுருக்கினாலும், பிறந்தநாளிலும் திருக்கோயில் வழிபாட்டிலும் முழுப்பெயரைக் கூறுதல் தகும். பிள்ளை வளர்ந்தபின் அவனை அத்தலத்துக்கு அழைத்துச் சென்று, ‘உன் பெயர் இவருடையது’ என்று காட்டுதல் பெற்றோரின் கடமை.

வைத்தியநாதன் என்னும் பெயர் ஒரு வீட்டில் வழங்கினால், நோயுற்ற காலத்தில் அக்குடி புள்ளிருக்குவேளூரை நோக்கிக் கைகூப்பியது என்பது தெரியவரும். பேரனுக்கு அப்பெயர் இல்லாது போகலாம், அதில் தவறில்லை. அதனோடு அந்நினைவும் அழிந்து போகுமாயின் அதுவே இழப்பாகும். தலவரலாறு நூலில் மட்டும் இருப்பின் அஃது ஏட்டளவில் நிற்கும். பிள்ளையின் பெயரில் இருப்பின் வீட்டில் வாழும். மைந்தர்க்கு நற்பெயர் சூட்டி, அதன் பொருளையும் அவர்க்கு உணர்த்தி, அப்பெயர்க்குரிய பெருமானின் திருவருளால் அவர்கள் நீடு வாழப் பெற்றோர் அனைவரும் வழிசெய்வார்களாக.